செக்போஸ்ட் தாண்டாத வசனம்

1

கல்யாணமாகி மைசூருக்கு வந்ததிலிருந்து நான் தொலைத்தவை கொஞ்சநஞ்சமல்ல. வந்த புதிதில் ரயிலில் ஒரு பித்தளைக் குடம் போனது. அப்புறம் நாக்கிலிருந்த ழகரம் போனது. நான் வைக்கிற மீன்குழம்பைச் சாப்பிட ஆளில்லாமல் போனது. என் வீட்டுக்காரரும் மகளும் சாறு என்று ரசம் மாதிரி ஒன்றைச் சோற்றில் ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வெளியூர்ப் பிழைப்பில் இதெல்லாம் சகஜம்தான். ஆனால் இந்த வருடம் திரித்துவ ஞாயிறு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேதவசனமே காணாமல் போய்விட்டது. அதுவும் என் அப்பாவின் வசனம்.

ஊரில் இருக்கிறவர்கள், “மைசூர் என்ன பெரிய வெளிநாடா?” என்று கேட்பீர்கள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து துபாய்க்குப் போனவர்களெல்லாம் அங்கே தமிழ் ஆராதனை நடத்துகிறார்கள், பனங்கிழங்குகூடத் தருவித்துத் தின்கிறார்கள். உண்மையில் வெளிநாட்டில் இருப்பது நான்தான். இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் நாள், ஸ்டாஃப் ரூமில் எந்த ஊர் என்று கேட்டார்கள். நாசரேத் என்றேன். “அது ஏசு ஊர் மேடம், உங்க ஊர் எது?” என்று பொறுமையாக மறுபடி கேட்டார்கள். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் மதுரை என்று சொல்லித் தப்பித்தேன். மீனாட்சி காப்பாற்றினாள்.

சரி, வசனத்துக்கு வருகிறேன். அந்த ஒரே வசனத்தால்தான் என் அப்பாவும் அண்ணனும் பேச்சை நிறுத்தினார்கள். இன்றைக்கோ நாளைக்கோ என்று நான் காத்திருந்து காத்திருந்து தலை நரைத்துவிட்டது. அவர்கள் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், அப்பா கண்ணை மூடுவதற்குள் பேசிவிட வேண்டும். எனக்கென்று இருக்கிற ஒரே ஜெபம் இதுதான். மற்றபடி ஜெபம் பண்ணுவதில் நான் கொஞ்சம் சோம்பேறி, நம்புவதில் அதைவிடச் சோம்பேறி.

2

என் அப்பா ஞானமுத்து, உபதேசியார். எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்போம். ஒரு ஐயருக்கு ஏழெட்டு ஊர் இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மீதி நாளெல்லாம் உபதேசியார் ராஜ்யம். மணி அடிக்கிறதும் அவர், பிரசங்கம் பண்ணுகிறதும் அவர், புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குகிறதும் அவர். எங்கள் வீட்டுச் சண்டையை விலக்கத்தான் ஆளில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சொல்லாத தட்டில் சோறு விழாது. வேதத்திலேயே ஆகச் சின்ன வசனம், இயேசு அழுதாரே, அது. அதை அண்ணன் எட்வின் தினமும் முந்திக்கொண்டு சொல்லிவிட்டுத் தட்டை நீட்டிவிடுவான். எனக்கு மிஞ்சுவதெல்லாம் மூன்று வரி, நாலு வரி வசனங்கள். “ஏலே, எத்தன நாளைக்குத்தான் அவர அழவச்சிக்கிட்டே இருப்ப?” என்று அம்மா கேட்பாள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஒரு நாள் நான் ஒரு சந்தேகம் கேட்டேன். மோசே எழுதிய புத்தகத்தில் மோசே செத்ததும், அடக்கம் பண்ணினதும், ஜனங்கள் அழுததும் எப்படி வந்தது? செத்தபிறகு எழுந்து வந்தா எழுதினார்?

“தீர்க்கதரிசில்லா. முன்னாலயே தெரிஞ்சி எழுதிட்டாரு” என்றார் அப்பா. “இப்படிக் கேக்குத வாய்க்கு நாளைக்குச் சோறு கெடையாது.”

மறுநாள் அண்ணன் சிலேட்டில் எழுதி வைத்திருந்தான்: “எட்வின் நல்ல முதிர்வயதிலே மரித்தான். ஊரார் மிகவும் அழுதார்கள்.” அதற்கு அம்மாவிடம் இரண்டு பேருக்கும் விளக்குமாற்றுப் பூசை நடந்தது. நான் சிலேட்டைத் தொடவே இல்லை, எனக்கு எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

அப்பாவின் வசனம், யோவான் எழுதின முதலாம் நிருபத்தில் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. பரலோகத்தில் சாட்சி சொல்லுகிறவர்கள் மூன்று பேர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இந்த மூவரும் ஒன்றே என்று வரும். மூவரும் ஒன்று என்கிற இந்தத் திரித்துவத்துக்கென்றே வருடத்தில் ஒரு ஞாயிறு உண்டு. அன்றைக்குத் தவறாமல் அப்பா இதன் பேரில்தான் பிரசங்கம் பண்ணுவார். மூன்று பனையோலை ஈர்க்கைக் கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் ஒன்றாக முறுக்கி, “எங்க, பிரிச்சிக் காட்டு பாப்போம்” என்பார். சபையில் ஒருத்தரும் எழுந்து வரமாட்டார்கள். திரித்துவம் நிரூபணமாகிவிடும்.

அண்ணனை அப்பா இறையியல் கல்லூரியில் சேர்த்தார். மகன் ஐயராகி வெள்ளை அங்கி போட்டு வருவான் என்று அவருக்கு அத்தனை ஆசை. முதல் வருட லீவில் அவன் வந்தபோது திரித்துவ ஞாயிறு வந்தது. ஈர்க்கு முறுக்கல் நடந்தது. மதியம் பந்தியில் கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் சொன்னான்.

“அப்பா, அந்த வசனத்த இனிமே எடுக்காதிய. பழைய கையெழுத்துப் பிரதியள்ல அது கெடையாது. பின்னால யாரோ சேத்தது.”

அப்பா உருட்டின கவளம் கையிலேயே நின்றது. “யாருலே சேத்தா?”

“தெரியாதுப்பா. யாரோ ஒரு ஆளு.”

“அப்ப நான் இத்தன வருசமா யாரோ ஒருத்தன் எழுதினதயா பிரசங்கம் பண்ணுதேன்?”

அண்ணன் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் வாய் யாருடைய வாய்? உபதேசியார் மகன் வாயாயிற்றே. “எல்லாமே யாரோ ஒருத்தரு எழுதினதுதானப்பா” என்றான்.

“வேதத்துல கைய வைக்கிறவன் எம் பந்தியில கைய வைக்கக் கூடாது. எந்திலே.”

அவன் எழுந்தான். கையைக் கழுவினான். சாயங்காலப் பஸ்ஸில் போனவன்தான். படிப்பையும் விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனியில் சேர்ந்தான். அம்மாவின் அடக்கத்தன்றுகூடப் பெட்டியின் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் நின்றார்கள். அன்றிலிருந்து நான்தான் இரண்டு பேருக்கும் நடுவில் தந்தி ஆபீஸ். “அவனுக்குச் சுகர் இருக்காமே” என்று இவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். “அவரு மாத்திர ஒழுங்காப் போடுதாராமா” என்று அவன் போனில் கேட்பான். பேர் மட்டும் சொல்லமாட்டார்கள்.

அண்ணன் சொன்ன அந்த “எல்லாமே” அன்றைக்கு என் தலைக்குள் வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. மைசூருக்கு வந்தபிறகு யாருக்கும் தெரியாமல் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, யோவான் கைப்பட எழுதினது என்று உலகத்தில் எங்கேயும் எதுவும் இல்லை. மற்ற மூன்று சுவிசேஷக்காரர்கள் எழுதினதும் இல்லை. இருப்பதெல்லாம் நகல், நகலின் நகல், அதைப் பார்த்து எழுதின இன்னொரு நகல். எனக்கு முதலில் தூக்கம் போனது. அப்புறம் வந்துவிட்டது. ஞாயிறு ஞாயிறு கோயிலுக்குப் போய்ப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறேன். சந்தேகத்தைக் குடை மாதிரிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகிறேன், கோயிலுக்குள் விரிப்பதில்லை.

3

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. ஊரில் தனியாக எப்படி விட? மைசூருக்குக் கூட்டி வந்து ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கவுன்ட்டரில் இருந்த பெண் பேர் கேட்டாள். ஞானமுத்து என்றார். அவள் தட்டிக் கொடுத்த அட்டையில் ஞானமூர்த்தி என்று இருந்தது.

இந்த ஊரில் மூர்த்திகள் தெருவுக்கு நாலு பேர். முத்து என்று முடிகிற பேரை அவள் கேட்டிருக்கவே மாட்டாள். பல் போன கிழவர் தப்பாகச் சொல்கிறார் பாவம் என்று இரக்கப்பட்டுத் திருத்திவிட்டாள். ஆபரேஷன் தேதி குறிக்கப் போனால் ஆதாரில் ஒரு பேர், அட்டையில் ஒரு பேர். இரண்டும் ஒன்றானால்தான் கத்தியை எடுப்போம் என்றார்கள். அட்டையில் மாற்ற மேலதிகாரி வேண்டும். மேலதிகாரி பெங்களூரில் இருந்தார்.

“இந்த ரெண்டுல எது ஒரிஜினல்?” என்று அந்தப் பெண் கன்னடத்தில் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

அப்பா நெஞ்சில் தட்டினார். “நாந்தாம்மா ஒரிஜினல்.”

“அவர் இருக்கட்டும் மேடம், ஜெராக்ஸ் குடுங்க” என்றாள்.

4

கண் தெரியாத உபதேசியாருக்குச் சாயங்காலமானால் வேதம் வாசிக்க ஆள் வேண்டும். போனில் ஒலிப்புத்தகம் போட்டுக் கொடுத்தேன். “அது பாட்டுக்கு ரேடியோ மாதிரி ஓடுது. நிறுத்தி ரெண்டு வார்த்த பேச முடியல” என்று தள்ளிவிட்டார். எனக்கு அந்த நேரம் டியூஷன். என் வீட்டுக்காரர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் எழுத்தைக் கண்டால் கும்பிட்டு நகர்ந்துவிடுவார். மிஞ்சினது என் மகள் ஷெரின், பத்தாம் வகுப்பு.

ஷெரினுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவள் பேசுவதும் ஒரு மாதிரித் தமிழ்தான். தோழிகளைப் போனில் “ஏன் மகா, எல்லித்யா?” என்பாள், என்ன மகனே, எங்கே இருக்கிறாய் என்று. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான். அப்பா என்னிடம் ரகசியமாக, “பொட்டப் பிள்ளையப் போயி மகனேங்காளே, கண்ணு எனக்குத் தெரியலியா, அவளுக்கா?” என்று கேட்டார். அவள் வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் ‘அல்வா’ போடுவாள். கன்னடத்தில் ‘இல்லையா’ என்று அர்த்தம். முதல் இரண்டு நாள் அப்பா திருநெல்வேலிக்காரராகவே ஏமாந்தார்.

சின்னப் பிள்ளையில் அவளுக்குப் பரிசுத்த ஆவி என்றால் இட்லிச் சட்டியிலிருந்து வருவது. கன்னடக் கோயிலில் அதையே பவித்ராத்மா என்பார்கள். அவளுக்கு ஆவி என்றால் சமையற்கட்டு ஆவி ஒன்றுதான் தெரியும். மூடியைத் திறந்தால் குனிந்து கும்பிடுவாள். நான் திருத்தவில்லை. எனக்கு மட்டும் அதைவிட நன்றாகத் தெரிந்தா இருந்தது?

ஆக, ஏற்பாடு இதுதான். ஓய்வுநாள் பள்ளியில் கொடுத்த கன்னட வேதாகமத்தை அவள் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் இருக்கிற தமிழோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வருவார். திரித்துவ ஞாயிறு நெருங்குகிறதே என்று, “யோவான் முதலாம் நிருபம், கடைசி அதிகாரம் வாசிட்டி” என்றார். நான் பக்கத்து அறையில் இயற்கணிதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரத்தின் பேரைக் கேட்டதுமே என் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது.

“சாட்சி சொல்றவங்க மூணு பேர் தாத்தா. ஆத்மா, தண்ணி, ரத்தம்.”

“நில்லு. அது அடுத்த வசனம்லா. நடுவுல ஒண்ண விட்டுட்ட.”

“இல்ல தாத்தா.”

“பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி. அது எங்க?”

“அது இங்க இல்ல.”

“கெழவனுக்குக் கண்ணு தெரியலன்னு ஏமாத்துதியா? விரல வச்சிப் பாரு.”

“விரல் வச்சே பாத்தேன். இல்லன்னா இல்ல அல்வா, தாத்தா!”

இந்த இரண்டு மொழிக்கும் ஒரே மாதிரி இருக்கிற சொல் ‘இல்ல’. அதை மட்டும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. நான் ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். அண்ணன் சொன்னபடியேதான் இருந்தது. எண் வரிசை கெடாதபடி பக்கத்து வசனத்தை இழுத்து விட்டு இடத்தை அடைத்திருந்தார்கள். அப்பாவின் வசனம் அதில் இல்லை. தக்காளி லாரியைப் பாலாறு செக்போஸ்ட்டில் நிறுத்துகிற மாதிரி யாரோ அதை இறக்கி வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் கர்நாடகத்துக்குள் விட்டிருந்தார்கள்.

அப்பா தீர்ப்பு சொன்னார். “கன்னடக்காரன் எடுத்துட்டான். காவேரித் தண்ணியையே விடாதவன் வசனத்தையா விடுவான்?”

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்ததை அவரிடம் எப்படிச் சொல்வேன்? அந்த வசனம் மெய்யென்றால் அண்ணன் குற்றவாளி. இல்லையென்றால் அப்பா குற்றவாளி. இத்தனை வருடம் மகனைத் தள்ளி வைத்ததற்கு அவர் கையில் இருக்கிற ஒரே நியாயம் அந்த வசனம்தான். அதையும் பிடுங்கிவிட்டால் இந்த வயதில் மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

5

இரண்டு நாள் கழித்து, நாங்களெல்லாம் வெளியே போன நேரத்தில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த ஊர்ச் சபைக் குருவானவரைப் பார்த்து நேரில் கேட்டுவிடுவது என்று முடிவு. தெருமுனை ஆட்டோக்காரரிடம் ஊர் வழக்கப்படியே, “ஐயர் வீட்டுக்குப் போப்பா” என்றிருக்கிறார்.

ஆட்டோக்காரருக்கு அரைகுறைத் தமிழ் தெரியும். கொண்டுபோய்ப் பிராமணர்கள் இருக்கிற லட்சுமிபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. “உங்க தோப்பனார் எங்காத்துலே இருக்கார். பதறாதேங்கோ, காப்பி சாப்பிட்டுண்டிருக்கார்.” நான் பதறிக்கொண்டுதான் போனேன். வாசலில் கோலம், நிலைக்கு மேல் நாமம். மேல்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாய் மைசூரில் இருக்கிற ஐயங்கார் குடும்பம். வீட்டுப் பெரியவர் சம்பத்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார்.

அப்பா உள்ளே நுழைந்ததும், “தோத்திரம் ஐயரே” என்றிருக்கிறார். “ஐயர் இல்லே, ஐயங்கார்” என்று இவர் திருத்தியிருக்கிறார். அது குருவானவரின் பட்டப்பேர் போலிருக்கிறது என்று அப்பா விட்டுவிட்டார். புரை விழுந்த கண்ணுக்கு நாமம் தெரியவில்லை. உட்கார்ந்த வேகத்தில், “அந்த வசனத்த ஏன் எடுத்தீய?” என்று கேட்டுவிட்டார்.

இவர் குடும்பத்துக்குப் பெருமாள் கோயிலில் ஒரு வழக்கு. முதலில் எந்த சுலோகத்தைச் சொல்லித் தொடங்குவது என்று இரண்டு கட்சி. கேட்க வந்திருக்கிற பெரியவர் கோயில் சம்பந்தப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டு, “நாங்க எங்கே எடுத்தோம்? அவான்னா சொல்லவிடலே!” என்றாராம்.

“அப்ப இருந்ததுதானே?”

“ஆதிகாலத்திலேர்ந்து இருக்கு!”

“அதத்தான் நானும் சொல்லுதேன்! ஒரு எழுத்த மாத்தலாமா?”

“கூடவே கூடாது!”

இப்படி அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒரே மனதாய்ப் பேசியிருக்கிறார்கள். என் அப்பாவோடு இத்தனை ஒற்றுமையாக யாரும் பேசி நான் பார்த்ததில்லை. நடுவில் அப்பா, “யோவான் பொய் சொல்லுவாரா?” என்று கேட்டபோதுதான் சம்பத்து காப்பி டம்ளரைக் கீழே வைத்திருக்கிறார்.

அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைத்ததும் அவரும் சிரித்தார். ஊரைவிட்டு வந்தபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். கிளம்பும்போது, “கேசு என்னாச்சி?” என்று அக்கறையாக விசாரித்தார்.

“எதிர்க்கட்சியே எங்க அண்ணாதான்” என்றார் சம்பத்து. “போன வருஷம் போயிட்டார். ஒரே தெருவிலே இருந்தும் கடைசிவரைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இப்போ நான் ஒருத்தன் மட்டும் ஜெயிச்சிண்டு உக்காந்திருக்கேன்.”

அப்பாவின் சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. தோத்திரம் என்றார் அப்பா. நமஸ்காரம் என்றார் அவர்.

6

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா கேட்டார். “ஏட்டி கிரேசு, நீ கணக்கு டீச்சர்லா. உண்மையச் சொல்லு. அந்த வசனம் இருக்கா, இல்லியா?”

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிறதே, அது போதாதா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தந்தி ஆபீஸ் வேலை எனக்கு அலுத்துவிட்டது. என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னேன். போன வருடம் ஒரு கணக்கை நான் வாயால் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நடுவில், “பின்னாடி யாரு அது, வாயை மூடு” என்று ஒரு சத்தம் போட்டேன். ஒரு பெண் அதையும் நோட்டில் எழுதிவிட்டாள். அன்றைக்கு வராத பிள்ளைகளெல்லாம் அவள் நோட்டைத்தான் பார்த்து எழுதினார்கள். பரீட்சையில் நாலைந்து பேர் வட்டத்தின் பரப்பளவுக்கு நடுவில் “வாயை மூடு” என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை டீச்சர் சொன்னது, ஓரெழுத்து விடக்கூடாது.

அப்பா சிரிக்கவில்லை. “அப்படித்தான் வந்ததுங்கியா?”

“கிட்டத்தட்ட அப்படித்தாம்ப்பா. யாரோ ஒரு பக்தியான ஆளு, இந்த இடத்துக்கு அர்த்தம் இதுன்னு ஓரத்துல எழுதி வச்சிருப்பாரு. அடுத்தவரு, ஐயோ, விட்டுப்போச்சே, அதான் ஓரத்துல இருக்குன்னு நெனச்சி உள்ள சேத்துட்டாரு. உங்கள மூர்த்தியாக்கினாளே ஆஸ்பத்திரிப் பிள்ள, அந்த மாதிரி. நம்ம தமிழுக்கு அந்தப் பிரதி வழியா வந்தது. ஷெரின் கையில இருக்கிற கன்னடத்துக்கு வேற பிரதி.”

“கெட்ட எண்ணத்துல செய்யல.”

“இல்லப்பா. நல்லெண்ணந்தான்.”

“அப்ப எட்வின் அன்னைக்குச் சொன்னது?”

அந்தப் பேரை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம்! “சரிதாம்ப்பா” என்றேன்.

அந்த வாரம் முழுக்க அவர் ஷெரினை வாசிக்கச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிக் கிழவரைக் கொன்றுவிட்டேனே என்று எனக்கு ஒரே பயம். நான் படித்ததெல்லாம் எனக்குச் சரி. நான் உட்கார்ந்து யோசிக்க நாற்காலி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. அவருக்கு அந்தப் புத்தகத்தைத் தவிர இந்த உலகத்தில் என்ன இருக்கிறது? திரித்துவ ஞாயிறன்று கோயிலுக்குக் கூப்பிட்டேன். “நீங்க போய்ட்டு வாங்க” என்றார். அந்த ஞாயிற்றில் அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஆல்ட்டோவில் எனக்குச் சுதியே சேரவில்லை.

மதியம் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “போனப் போடு” என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். ஷெரின் தட்டோடு கதவருகில் நின்றாள்.

“சொல்லு கிரேசு” என்றான் அண்ணன். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

“எட்வின்” என்றார் அப்பா.

டி.வி. நின்றது. லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

“ஏலே, அந்த வசனம் கர்நாடகாவுலயும் இல்லியாம்ல.”

“தெரியும்ப்பா.” அண்ணன் குரல் பிசிறடித்தது.

“தெரியும்லா? தெரிஞ்சா ஒரு போன் போட்டுச் சொல்லதுக்கு என்ன?”

“நீங்கதானப்பா என்ன…”

“சரி, சரி. நாந்தான். நாந்தான்லே.” அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “இன்னும் எதெல்லாம் இல்ல? வருசத்துக்கு ஒண்ணாச் சொல்லி என்னயச் சாவடிக்காத. இப்பமே மொத்தமாச் சொல்லிரு, கேட்டுக்கிடுதேன்.”

அண்ணன் பயந்து பயந்து ஆரம்பித்தான். “மாற்குல கடைசிப் பகுதி இருக்குல்லா. பழைய பிரதியில அது இல்ல.”

“பாம்பப் பிடிக்கது, விஷத்தக் குடிக்கது, அதுவா?”

“அதாம்ப்பா.”

“போட்டும். அத நான் எப்பமும் வேகமாத்தான் வாசிச்சிட்டுப் போவேன். எவனாது எந்திரிச்சிப் பாம்பக் கொண்டாந்துருவானோன்னு பயம். வேற?”

“வேற… யோவான்ல, அந்தப் பொம்பளையக் கல்லெறியக் கொண்டு வருவாவல்லா, அந்தக் கத. அதுவும் முதல்ல இல்லன்னு…”

“அது முடியாது” என்றார் அப்பா.

“அப்பா, நானா எடுக்கேன்? பிரதியில…”

“பிரதி கெடக்கட்டும். பாவமில்லாதவன் முதல் கல்ல எறியட்டும்னு இயேசு சொன்னதும், கல்லக் கீழ போட்டுட்டு முதல்ல போறது யாருன்னு ஞாவகம் இருக்கா? வயசாளிதாம்ல. கெழவன்தான் முதல்ல போடுதான். அதுவும் இல்லன்னு ஆயிட்டா, நான் எதச் சொல்லிலே உன்னக் கூப்பிடுவேன்?”

அண்ணன் மூக்கை உறிஞ்சுவது ஸ்பீக்கரில் கேட்டது.

“இருக்கட்டும்ப்பா” என்றான். “அது இருக்கட்டும்.”